கிராபிக்ஸ் கார்டு தேர்வு

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டுத் தரும் தனிப் பலகை. ஜிபியு எனப்படும் செயலியும், விரேம் எனப்படும் அதற்கே உரிய நினைவகமும் இதன் முதன்மை உறுப்புகள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவை இத்துறையின் முன்னணி நிறுவனங்கள்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தம்மிடம் உள்ள மானிட்டரை. 1920×1080 அளவுள்ள முழு எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 3840×2160 அளவுள்ள 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் கார்டு கணக்கிட்டாக வேண்டும். முழு எச்டி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுபவருக்கு உச்ச விலைக் கார்டு வீண் செலவு.

மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கியவர்களே அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். 2016இல் வெளியான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி வகையில் கூடா கோர்கள் எனப்படும் கணக்கீட்டு அலகுகள் 1,280 இருந்தன. 3 ஜிபி வகையில் 1,152தான். நினைவகம் மட்டுமே வேறு என்று எண்ண வைக்கும் பெயருக்குப் பின்னால் செயலியும் குறைக்கப்பட்டிருந்தது. ஜிடி 1030இல் நிலைமை இன்னும் மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்த அந்தக் கார்டு வினாடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தியது. மறு ஆண்டு டிடிஆர்4 நினைவகத்துடன் அதே பெயரில் வந்தது 16.8 ஜிபியைத்தான் நகர்த்தியது. இரண்டிலும் விரேம் 2 ஜிபிதான். எனவே அளவோடு நினைவகத்தின் வகை, பஸ் எனப்படும் தரவுப் பாதையின் அகலம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயினும் ஒரே விலையில் இரண்டு கார்டுகளுக்கு நடுவே தடுமாறுபவர் விரேம் கூடுதலாக உள்ளதை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. செயலியின் வேகம் போதாவிட்டால் விளையாட்டின் அமைப்புகளைக் குறைக்கலாம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்களின் துணையோடு குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கலாம். ஆனால் பலகையோடு சால்டர் செய்த நினைவகத்தை வாங்கியவரால் பின்னர் கூட்ட முடியாது. அது நிரம்பினால் மிகுதித் தரவு கணினியின் ரேமுக்குப் போய்வர நேர்கிறது. காட்சி திக்கித் திக்கி நகர்கிறது. 2023இல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ ஒரே செயலி, ஒரே 128-பிட் பஸ்ஸுடன் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் வந்தது. 8 ஜிபிக்குள் அடங்கும் விளையாட்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதைத் தாண்டும் விளையாட்டுகளில் சிறிய வகை தடுமாறுகிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் இயக்குவோருக்கு விரேமே எல்லையை வகுக்கிறது. என்விடியாவின் நிரல் தளமான கூடாவைச் சார்ந்த மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் அந்நிறுவனத்தின் கார்டையே நாட வேண்டியிருக்கிறது.

பழைய கணினிக்கு வாங்குவோர் மதர்போர்டையும் கவனிக்க வேண்டும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் தரவைப் பரிமாறும் பிசிஐஇ தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் அவற்றின் வேகம் பாதியாவதால், 4 ஜிபி விரேம் நிரம்பும்போது கார்டு வெகுவாகத் தளர்கிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஸ்லாட் 75 வாட் வரை தரும். 8-பின் இணைப்பு ஒவ்வொன்றும் மேலும் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டுக்கு 450 வாட் தேவை என்பதால், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் விலையையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.