துண்டும் கடவுச்சீட்டும்

பசறை, தெமோதரை, மடுல்சீமை என்று பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் எந்தத் தொழிலாளர் குடும்பத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். பெயர்கள் வேறுபடும், நடந்த பாதை ஏறத்தாழ ஒன்றே.

கொள்ளுப்பாட்டன் தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) ஊரை விட்டவன். வானம் பொய்த்தது மட்டுமா காரணம்? உழுத நிலம் அவனுடையதன்று என்பதே முதற்காரணம். கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கடனாகச் சுமந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தான். கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையாவது அவனுக்கு இருந்தது. 1869இலேயே தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும். ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும். பெண்களின் விரல்களையே பெரிதும் கேட்கும். குடும்பம் லயத்தில் நிலைத்தது இதனால்தான். தேயிலை வந்த ஆண்டைக் கேட்கும் வினாத்தாள்கள் இதைக் கேட்பதில்லை!

பாட்டன் காலத்தில் தோட்டம் மாறுவதற்கும் சீட்டு வேண்டியிருந்தது. கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று எழுதிய அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய துரை கடனைக் கட்டுவார்; ஆளும் கடனும் ஒருங்கே கைமாறும். 1921இல் அம்முறை ஒழிந்தது. தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1914 முதல் ஓடியது. 1924இல் பதுளைக்கு ரயிலும் வந்தது. திருமணத்துக்கும் சாவுக்கும் ஊர் போய்வருவது எளிதாயிற்று.

அந்தப் போக்குவரத்தே பின்னர் குற்றமாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, இன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இடையறாத வசிப்பைக் காட்டச் சொன்னது: மணமானோருக்கு ஏழாண்டு, மற்றோருக்குப் பத்தாண்டு. லயத்தில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? கங்காணியின் கணக்கேட்டையா?

1964 அக்டோபர் 30இல் இரு பிரதமர்களும் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! அவர்களையும் 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தனர். இந்தப் பங்கீட்டில் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலும் விழுந்தனர். ஒப்பந்தம் முடிந்த இரண்டு மாதங்களுக்குள் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாட்டன் கப்பலேறிய துறை அழிந்துபோக, பேரன் கடவுச்சீட்டுடன் இராமேசுவரத்தில் இறங்கினான்.

கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த தோட்டங்களில் அவன் மீண்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தான். பதுளையில் அவன் இந்தியாக்காரன், நீலகிரியில் சிலோன்காரன்.

பதுளையில் தங்கிய கிளையிலே நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. அவர்களுடைய பிள்ளைகள் இன்று கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளின் அடுக்களைகளுக்கும் வேலை தேடிப் போகின்றனர். இப்போது முன்பணம் கொடுப்பவர் முகவர்.