கரூரில் கிடைத்த கிரேக்க நாணயங்கள்

சங்க காலச் சேரர்களின் தலைநகரான வஞ்சி இன்றைய கரூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி ‘கரூரா’ என்று குறிப்பதும் இவ்வூரையே. இங்கு ஓடும் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ரோமானிய வெள்ளிக் காசு தமிழகத்துக்குப் புதிதன்று. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 522 காசுகள் கிடைத்தன. கிரேக்க நாணயங்களோ மிக அரியவை.

அமராவதியில் கிடைத்த அத்தகைய நாணயங்களைச் சேகரித்து இனங்கண்டவர், தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2021). ரோட்சு, கிரீட், தெசலி, திரேசு ஆகிய கிரேக்கப் பகுதிகளின் நாணயங்கள் அவற்றுள் இருந்தன. ரோமானியர் அல்லாத பிற அயல்நாட்டுக் காசுகள் கரூரில் கிடைத்தது பற்றி அவர் 2000இல் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார்.

ஆற்றில் உருண்ட காசில் எழுத்து பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அப்போது உருவமே துணை. கிரேக்க நகரங்கள் தத்தம் காவல் தெய்வத்தையோ ஊர்ப் புராணத்தையோ காசில் பொறித்தன. ரோட்சுத் தீவின் காசில் ஒருபுறம் கதிரவன் ஈலியோசின் முகம், மறுபுறம் ரோசா மலர். கிரேக்க மொழியில் ரோசாவுக்கு ‘ரோடோன்’ என்று பெயர். படமே ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுகிறது! கிரீட்டின் நோசசு நகரக் காசில், காளைத்தலை மனிதன் மினோட்டார் அடைபட்டிருந்த புதிர்க்கோட்டையின் வரைபடம் இருக்கும். ஏதென்சின் நாலு திராக்மா வெள்ளி நாணயம் ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ளது; அதில் அத்தீனாவும் அவளது ஆந்தையும். அலெக்சாந்தரின் வெள்ளி நாணயத்தில் சிங்கத்தோல் போர்த்திய தலையை அவருடையது என்றே பலர் நினைக்கின்றனர். அது எராக்கிளீசு, பின்புறம் அரியணையில் கழுகேந்திய சியுசு.

இவ்வுருவங்களைச் சேரர் பின்பற்றவில்லை. தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசில் மன்னன் முகம் உண்டு. அந்த வழக்கம் ரோமானியக் காசுகளைப் பார்த்து வந்ததாகக் கருதப்படுகிறது.

ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை என்பதே பெரிய சிக்கல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அடித்த காசு, முந்நூறு ஆண்டு கழித்து ஒரு ரோமானிய வணிகரின் பையில் வந்திருக்கலாம். எனவே ரோமானியருக்கு முன்பே கிரேக்கர் கரூருக்கு நேரே வந்தனர் என்பதற்கு இக்காசுகள் மட்டும் சான்றாகா. அதே வேளையில், இவற்றை யாரும் வாங்கிப் பாதுகாத்திராவிட்டால் பல உருக்குலையில் போயிருக்கும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். எந்த இடத்தில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பும் அப்போதுதான் பதிவாகும்.