இல்லாத அழற்சிக்கு இட்ட பெயர்

1904-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்புப் பிடிப்பை விளக்குகையில் ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்றொரு சொல்லைப் படைத்தார். தசை நார்த்திசுவின் அழற்சியே வலிக்குக் காரணம் என்பது அவர் கருத்து. பின்வந்தோர் அத்திசுவை நுண்நோக்கியில் ஆராய்ந்தனர், அழற்சியைக் காணோம்! அப்படியானால் வலி வெறும் மனமயக்கமோ? மருத்துவர் பலர் அவ்வாறே ஒதுக்கினர். நோயாளர் பட்ட பாடு கொஞ்சமன்று.

1975-இல் டொரான்டோவில் மோல்டாஃப்ஸ்கி, ஸ்மைத் குழுவினர் வேறு வழியில் சென்றனர். நலமுள்ளோர் சிலர் உறங்குகையில் ஒலியெழுப்பி, ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்தனர். சில இரவுகளிலேயே அவர்களுடைய தசைகள் தொட்டால் நோகத் தொடங்கின! 1976-இல் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்று பெயர் மாறிற்று. 2002-இல் மூளைப் படங்கள் உண்மையைக் காட்டின. கட்டைவிரலை மெல்ல அழுத்தினாலே நோயாளரின் மூளையில் வலிப்பகுதிகள் கிளர்ச்சியுற்றன. கோளாறு, வலியைக் கையாளும் நரம்பு மண்டலத்தில்! எனவேதான் இன்று சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சிக்கு முதலிடம் தருகின்றனர்.