தந்தை பெயர் பறிக்கப்பட்டவர்கள்



அடிமையாக வந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களால் விடுதலை பெற்று, அவர்களின் வளர்ப்பு மகனானவர் ஸைத் (ரலி). மக்கள் அவரை 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்து வந்தனர். வளர்ப்பு மக்களை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணித்ததும் அவர் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார். நபியின் பெயரேயாயினும் பெற்ற தந்தையின் பெயரை மறைக்கலாகாது என்னுமளவுக்கு 'நஸப்' எனும் வம்ச உரிமை மார்க்கத்தில் மேலானது.

அவ்வுரிமை ஒரு பெருங்கூட்டத்தாரிடமிருந்தே பறிக்கப்பட்ட வரலாறு உண்டு. 16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களை ஐரோப்பியரும் அமெரிக்கரும் அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றினர். அவர்களுள் சுமார் 18 லட்சம் பேர் கரை காணவில்லை. (சகாராப் பாலை வழியிலும் இந்தியப் பெருங்கடலிலும் முஸ்லிம் வணிகர்களும் மனிதர்களை விற்றனர்; இதை மறைப்பது நேர்மையன்று.)

அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. எஜமானரின் பெயருக்குக் கீழே அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும், பெயர் இராது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் பெயருடன் மனிதர்களாயினர். முன்னோரைத் தேடும் கறுப்பின மக்கள் பலருக்கு ஆவணத்தின் பாதை அங்கேயே அடைபட்டு விடுகிறது.

அதற்கப்பால் செல்லவே மரபணுவை நாடுகின்றனர். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாயிடமிருந்தும், ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கும் பெரிதும் மாறாமல் வருபவை. அவற்றை இன்றைய ஆப்பிரிக்க மக்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, வேர் எப்பகுதியில் என்று கணிக்கின்றனர். ஆயினும் பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர். தாய்வழிச் சோதனை காட்டுவது அவர்களுள் ஒரேயொரு பெண்ணை! தந்தைவழியோ வேதனைக்குரியது. கறுப்பின ஆண்கள் கணிசமானோரின் ஒய் குரோமோசோம் ஐரோப்பாவையே சுட்டுகிறது. கப்பல்களில் மிகுதியாக ஏற்றப்பட்டவர்கள் ஆண்கள். ஆனால் 50,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, இன்றைய சந்ததியின் ஆப்பிரிக்க மரபில் பெண்களின் பங்கே மிகுதி எனக் கண்டது. அடிமைப் பெண்களுக்கு எஜமானர்கள் இழைத்த கொடுமைக்கு அவர்தம் வழித்தோன்றல்களின் உடலே சாட்சி.

மேரிலாந்து மாநிலத்தின் கட்டாக்டின் இரும்பு உலைக்களத்தருகே அடக்கப்பட்டிருந்த 27 பேரின் எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கப்பட்டு, 2023-இல் முடிவு வெளியாயிற்று. இன்று வாழ்வோருள் 41,799 பேர் அவர்களுக்கு உறவினர் எனத் தெரிந்தது. சிலருடைய வேர், இன்று பெரும்பாலும் முஸ்லிம்களாயுள்ள செனகல் பகுதியின் வோலோஃப் மக்களிடம் சென்றது. அவர்கள் ஸஜ்தா செய்த நெற்றியினரா, தந்தையர் யாவர் என்பதை எலும்பு சொல்லவில்லை.

எழுத்தறிந்த ஒருவர் சொல்லிச் சென்றார். செனகலின் ஃபூத்தா தோரோவில் கல்வி கற்று, 1807-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டவர் அவர். எஜமானர் வீட்டார் 'மோரோ' என்றனர், திருச்சபையிலும் சேர்த்தனர். 1831-இல் தம் வரலாற்றை அரபியில் எழுத அமர்ந்தவர், அல்முல்க் அத்தியாயத்தைக் கொண்டு தொடங்கினார். 'முல்க்' என்றால் ஆட்சி, உடைமை. யாருடைய உடைமை யார் என்று அவ்வீட்டில் எவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது! 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெற்றுக்கொண்ட அந்த ஏட்டில் அவர் எழுதியிருக்கும் தம் பெயர் உமர் இப்னு ஸயீத்.