75 சதத்து முறைப்பாடு

அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டி வருவோர் இழுக்குமாறு அதன் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறும். கன்றை இழந்த பசுவும் குஞ்சை இழந்த பறவையும் அம்மணியை ஒலித்தன என்பது கதை. இக்கதையை மாணவர்க்குக் கற்பிக்குங்கால் மன்னனது நடுவுநிலைமையையே நாம் பெரிதும் எடுத்துரைக்கின்றோம். முறையிட வந்தவர்க்குக் கயிறு எங்கே தொங்குகின்றது என்பது தெரிந்திருந்தது என்னும் சிறு செய்தியை எவரும் பொருட்படுத்துவதில்லை. 1986 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வானியலாளர் ஒருவர் முறையிடப் புறப்பட்டபோது அச்சிறு செய்தியே பெருவினாவாயிற்று.

கிளிபர்ட் ஸ்ரோல் என்னும் அவ்வறிஞர் கலிபோர்னியா மாநிலத்தின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தவர். வானியல் ஆராய்ச்சிக்குரிய நிதி முடிவுற்றமையால் அவ்வாய்வுகூடத்தின் கணினி நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்கு ஆய்வாளர் கட்டணம் செலுத்தல் வேண்டும். 1986 ஆகஸ்டு மாதத்தில் அக்கணக்கில் 75 சதம் குறைந்தது. ஏறத்தாழ ஒன்பது வினாடிக் கணினி நேரத்தின் விலை அது. அக்குறையின் காரணத்தைக் கண்டறியும் பணி புதிதாக வந்த ஸ்ரோலிடம் ஒப்படைக்கப்பட்டது. சில்லறைக் கணக்கென்று அவர் அதனைத் தள்ளிவிட்டிருப்பின் இவ்வரலாறு பிறந்திராது.

ஆராய்ந்த அவர், அறியாதவன் ஒருவன் தொலைபேசி வழியே கணினியுள் புகுந்து, மடல்களை இடமாற்றும் சிறு நிரலொன்றின் குறையைப் பயன்படுத்தி, நிலையத்தை ஆளுவோர்க்கே உரிய முழு அதிகாரத்தையும் பெற்றுக்கொண்டான் என்பதைக் கண்டார். உடனே வாயிலை அடைத்துவிடுவதே பலரும் செய்யத்தக்க காரியம். ஸ்ரோலோ வேறு வழியை மேற்கொண்டார். ஒரு வார இறுதியில், விடுமுறையிற் சென்றிருந்த சக ஊழியரின் மேசைகளிலிருந்து முனையங்களையும் தொலை அச்சுப்பொறிகளையும் திரட்டிவந்து, ஆய்வுகூடத்துக்கு வரும் ஐம்பது தொலைபேசித் தொடர்களிலும் பொருத்தினார். கேளாமலே எடுத்த இரவல் என்க. அவற்றினிடையே படுத்துறங்கினார். கள்வன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்திற் பதிவாயிற்று. நிகழ்ந்தவற்றை நாளும் நேரமும் குறித்து ஏட்டில் எழுதியும் வந்தார். விண்மீன்களை நோக்குவார்க்கு இயல்பான இப்பழக்கமே பின்னர் வழக்குக்கு உறுதுணையாயிற்று. மூல ஆதாரம் இன்றேல் வரலாறு இல்லை என்று நாம் வகுப்பிற் சொல்லுவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

பதிவான காகிதங்கள் அச்சமூட்டின. பேர்க்லிக் கணினியை ஏணியாகக் கொண்டு அவன் நாட்டின் இராணுவக் கணினிகளைத் தேடித்திரிந்தான். அணுவாயுதம் பற்றியும் ஏவுகணைத் தடுப்புத் திட்டம் பற்றியும் உள்ள கோப்புகளை நாடினான். ஏறத்தாழ 450 கணினிகளைத் தட்டிப்பார்த்து, முப்பதுக்கு மேற்பட்டவற்றுள் நுழைந்தான்.

இனி முறைப்பாட்டின் கதைக்கு வருவோம். கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகமாகிய எப்.பி.ஐ.யை நாடியபோது, இழப்பு எவ்வளவு என்பதே எழுந்த வினா. 75 சதம் என்பது விடை. பெருந்தொகை இழக்கப்படவுமில்லை, இரகசியமென முத்திரையிட்ட ஆவணம் எதுவும் அக்கணினியில் இருக்கவுமில்லை. ஆதலின் அப்பணியகம் அக்கறை கொள்ளவில்லை. சி.ஐ.ஏ., தேசிய பாதுகாப்பு முகவரகம், விமானப்படையின் புலனாய்வுப் பிரிவு ஆகியவற்றையும் அவர் அணுகினார். அவை செய்தியைக் கேட்டுக்கொண்டன. தாம் அறிந்ததைச் சொல்லத் தயங்கின. இது யாருடைய பொறுப்பு என்பதில் அவற்றிடையே தெளிவு இருக்கவில்லை.

எப்.பி.ஐ. அலுவலரை அறிவிலிகள் என ஏளனஞ் செய்தல் எளிது. அது நேர்மையாகாது என்பது எம் கருத்து. களவின் பருமனை இழந்த பொருளின் விலைகொண்டு அளப்பதே சட்டத்தின் பழைய மரபு. பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் படி மட்டும் வேற்றிடம் செல்லுங் களவுக்கு அம்மரபில் அளவுகோல் இல்லை. கணினி மோசடி பற்றிய விரிவான கூட்டாட்சிச் சட்டம் அந்நாட்டில் 1986 ஒக்டோபரிலேயே கைச்சாத்திடப்பட்டது. அப்பொழுது ஸ்ரோல் தம் வேட்டையில் இரண்டு மாதங்களைக் கழித்திருந்தார்.

பெரிய வாயில்கள் இவ்வாறிருக்க, சிறிய வாயில் ஒன்று திறந்தது. உள்ளூர் வழக்குத் தொடுநர் வாயிலாகத் தொலைபேசித் தொடரைத் தடங்காண நீதிமன்ற ஆணை கிடைத்தது. தடம் வேர்ஜீனியா மாநிலம்வரை சென்றது, ஆங்கு நின்றது. கலிபோர்னியா நீதிமன்றத்தின் ஆணை வேர்ஜீனியாவிற் செல்லாதாம்! கள்வனோ மாநிலங்களை மட்டுமன்றிச் சமுத்திரத்தையும் நொடியிற் கடந்து வந்தவன். மேற்கு ஜேர்மனியின் அஞ்சற்றிணைக்களத்தார் பிறேமன் பல்கலைக்கழகம் வழியாக அவனைப் பின்தொடர்ந்தனர். ஆங்கும் நீதிமன்ற ஆணை வேண்டும். அதனைப் பெற அமெரிக்க அரசாங்கத்தின் முறையான வேண்டுகோள் வேண்டும். வேண்டுகோள் விடுக்கவேண்டியவர்களோ 75 சதத்துக்காக எழுந்திருக்க மறுத்தவர்கள்.

மற்றோர் இடரும் இருந்தது. ஜேர்மனியின் பழைய தொலைபேசி நிலையங்களிற் கம்பியைக் கையாற் பின்தொடர்ந்து தடங்காண நெடுநேரம் பிடித்தது. கள்வனோ சில நிமிடங்களில் அகன்றுவிடுவான். அவனைத் தாமதிக்கச் செய்ய, இல்லாத இராணுவத் திட்டமொன்றைப் புனைந்து, அதன் பேரிற் பொய்க்கோப்புகளை எழுதிக் கணினியிற் குவித்தார் ஸ்ரோல். 1987 சனவரியில் அவன் அத்தூண்டிலைக் கவ்வினான். நெடுநேரம் தங்கிப் படித்தான். தடம் ஹனோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்னும் இளைஞனிடம் முடிந்தது. அவனும் கூட்டாளிகளும் தாம் எடுத்தவற்றைச் சோவியத்து உளவுத்துறையாகிய கே.ஜி.பி.க்கு விற்றமை பின்னர் வெளியாயிற்று. 1990 பெப்ரவரியில் மூவருக்குப் பதினான்கு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அத்தண்டனையும் ஒத்திவைக்கப்பட்டது.

இவ்வேட்டைக்கும் தீர்ப்புக்கும் இடையில், 1988 நவம்பர் 2 ஆம் நாள், மோரிஸ் என்னும் மாணவன் எழுதிய தானே பரவும் நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிற்று. அம்மாதத்திலேயே பிற்ஸ்பேர்க் நகரின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவிக் குழு அமைக்கப்பட்டது. கயிறு ஒன்று தொங்கவிடப்பட்டது இப்பொழுதுதான். ஸ்ரோல் சென்று கண்ட பாதுகாப்பு அறிஞருள் ஒருவர் அம்மாணவனின் தந்தையே என்பது வரலாறு செய்யும் விநோதங்களுள் ஒன்று. எமது நாட்டில் இத்தகைய குழு 2006 இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007 இலும் தோன்றின.

கயிறு இருந்தும் இழுப்பார் இன்மையால் நேர்ந்ததை 2016 இல் வங்காளதேசத்திற் காண்கின்றோம். பெப்ரவரி 4 ஆம் நாளிரவு, அந்நாட்டு மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்தோர் நியூயோர்க்கிலுள்ள அதன் வைப்பிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை விடுத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை தடைப்பட, 101 மில்லியன் வெளியேறிற்று. கட்டளைகளை அச்சிடும் பொறியைக் கள்வர் முன்னரே செயலிழக்கச் செய்திருந்தனர். ஊழியர் அதனை நாள்தோறும் நேரும் பழுதென எண்ணினர். பேர்க்லியில் அச்சுப்பொறி காட்டிக்கொடுத்தது; டாக்காவில் அது வாய்பொத்தப்பட்டிருந்தது.

20 மில்லியன் கொழும்பை நோக்கி வந்தது. பெறுநரின் பெயரில் ஆங்கிலச் சொல்லொன்று எழுத்துப்பிழையோடு வந்திருந்தமையால் இடைநின்ற வங்கி ஐயுற்று வினவிற்று, அத்தொகை தப்பியது. மணிலாவுக்குச் சென்ற 81 மில்லியனோ பெரும்பாலும் சூதாட்ட மண்டபங்களிற் கரைந்தது. பணத்தை நிறுத்துமாறு டாக்காவிலிருந்து செய்தி சென்ற பெப்ரவரி 8 ஆம் நாள் மணிலாவிற் சீனப் புத்தாண்டு விடுமுறை.

இவ்வளவு நிகழ்ந்தும் மத்திய வங்கி தன் நாட்டு அரசாங்கத்துக்கு வாய்திறக்கவில்லை. மாத இறுதியிற் பிலிப்பைன்ஸ் பத்திரிகையொன்று செய்தியை வெளியிட்டது. நாட்டின் நிதியமைச்சரே பத்திரிகை வாயிலாகத்தான் இதனை அறிந்ததாகக் கூறினார். பேர்க்லியின் வானியலாளர் 75 சதத்துக்காக வாயில்தோறும் அலைந்தவர். இவர்களோ 81 மில்லியன் டொலரை மூடிவைத்தவர்கள். வங்கியின் ஆளுநர் மார்ச்சு 15 ஆம் நாள் பதவி துறந்தார். களவு நிகழ்ந்து நாற்பது நாட்கள் கழிந்த அதே நாளிலேதான் டாக்காவின் மோதிஜீல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியப்பட்டது.