வட்டவளை வானில் ஒரு போர்க்காலம்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல்நாள் கொக்கலையிலிருந்து பறந்து சென்ற கனேடிய விமானி லியனார்ட் பேர்ச்சால் அக்கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியிருந்தார். ஆயினும் துறைமுகமும் இரத்மலானையும் தப்பவில்லை. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது.

இவை நூல்களில் உள்ளவை. அதே நாட்கள் வட்டவளையின் லயங்களில் எவ்வாறு கழிந்தன என்பதை நான் அறிந்தது என் அப்பாயியின் வாய்வழியாகத்தான். நான் பிறந்ததோ போர் முடிந்து நெடுநாட்களின் பின்னர்.

இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று எங்கள் ஊர். மேகத்துக்குள் இரைச்சல் மட்டும் கேட்குமாம், விமானம் தெரியாதாம். கங்காணி கூவியதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு தேயிலைத் தூருக்குள் குனிந்து கொள்வார்கள். வெள்ளைச் சேலை உடுத்திய விதவைகளுக்குத்தான் கூடுதல் ஏச்சு. வெள்ளை நிறம் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும் என்பது கங்காணியின் கணிப்பு. இரவில் லயத்து விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

தாம் கண்டது ஜப்பான்காரனின் விமானமே என்று அப்பாயி இறுதிவரை சாதித்தார். பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின் நான் அதை ஏற்கவில்லை. ஜப்பானியர் கடல்வழியே வந்து கடலுக்கே திரும்பினர். மலைநாட்டின் மேல் பறக்கும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. எங்கள் பெண்கள் அஞ்சிக் குனிந்தது பெரும்பாலும் பிரித்தானிய விமானங்களுக்கே. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபின், மலைநாடும் போரின் பின்புலமாகிவிட்டது.

குண்டு விழாத வட்டவளையைப் போர் தொட்டது சோற்றுப் பானையின் வழியாக. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. இன்று தோட்டத்து உணவு என்றாலே ரொட்டி என்கிறோமே, அது வேரூன்றிய காலம் அதுதான். பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. பிரித்தானிய உணவு அமைச்சு தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. போர்முனைச் சிப்பாய்க்கும் இலண்டன் குடிமகனுக்கும் தேநீர் தேவைப்பட்டது.

அத்தேநீருக்குக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் தொகை ஏறத்தாழ 7 இலட்சம். போர்க்கால உழைப்பை அன்று எவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அப்பாயியும் அவர்களுள் ஒருவர்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு நான் பள்ளிச் சிறுவன். மலைகளுக்கு அப்பால் பேரிரைச்சல் எழுந்து சட்டென அடங்கியது. அப்பாயி எழுந்து விளக்கை ஊதி அணைத்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னும் அவர் கை அதை மறக்கவில்லை. மறுநாள்தான் செய்தி வந்தது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம், நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதியிருந்தது. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து முன்னதாகவே தாழ இறங்கியதே காரணம். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலர் அங்கு சென்று திரும்பினர். பல நாட்கள் அவர்கள் அதிகம் பேசவில்லை. அந்த விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டது.

இரண்டாண்டுகளின் பின், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அப்பாயிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. வட்டவளை நிலையத்தில் ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் போனார். என் தந்தையின் விண்ணப்பம் வேறாக இருந்தமையால் நாங்கள் இங்கேயே தங்கினோம்.