பகலின் அளவும் சிறுபொழுதுப் பாகுபாடும்

முன்னுரை

சிறுபொழுது ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம் என்றும், காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தொடங்கும் என்றும் இன்றைய பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. தில்லியில் இருந்து தமிழ் கற்பிப்போர்க்கு இப்பட்டியல் இடர் தருவது. அங்கு சூன் திங்களில் ஞாயிறு மறைய 7 மணி 20 நிமிடம் கடந்துவிடுகிறது, திசம்பரில் 5.30 மணிக்குள் மறைந்துவிடுகிறது. பட்டியலின்படி கோடையில் வெயில் காயும்போதே மாலை வந்துவிடும். குளிர்காலத்தில் பொழுது சாய்ந்த பின்னரும் எற்பாடு நீளும். இம்முரண் எங்ஙனம் தோன்றியது என்பதைப் பகலளவு பற்றிய இந்திய மரபுகளின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடபுலக் கணக்கு

பகலளவு மாறுதலை எண்ணால் குறித்த பழைய இந்திய நூல் வேதாங்க சோதிடம். நீண்ட பகல் 18 முகூர்த்தம், குறுகிய பகல் 12 முகூர்த்தம் என்பது அதன் கணக்கு. ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, 48 நிமிடம். எனவே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே 12 நாழிகை வேறுபாடு அமைகிறது. சமநாளில் 15 முகூர்த்தமாக உள்ள பகல் மும்மூன்று முகூர்த்தம் கூடியும் குறைந்தும் வரும் என அருத்தசாத்திரமும் கூறுகிறது.

இவ்வளவு ஏறத்தாழ 35 பாகை வட அட்சரேகைக்கே பொருந்துவது. இதே விகிதம் பாபிலோனியக் கணக்கிலும் காணப்படுதலின், அங்கிருந்து பெறப்பட்டது என டேவிட் பிங்கிரி 1973-இல் கருதினார். யுகியோ ஓஹாஷி 1993-இல் இதனை மறுத்தார். பகலளவு சமநாள்களை ஒட்டி விரைவாகவும், ஞாயிறு திரும்பும் நாள்களை ஒட்டி மிக மெல்லவும் மாறும். வேதாங்க சோதிடமோ நாள்தோறும் ஒரே அளவு மாற்றம் கொள்கிறது. சமநாளை ஒட்டி வட இந்தியாவில் கண்ட அளவை ஆண்டு முழுமைக்கும் நீட்டியதால் இவ்விகிதம் வந்தது என்பது அவர் கருத்து. இவ்விளக்கம் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பின்னர், கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயம் முதலான நூல்கள் அட்சரேகையையும் கணக்கிற் சேர்த்தன.

இடமும் அளவும்

உண்மையளவை நோக்கின், தில்லியில் நீண்ட பகல் சற்றேறக்குறைய 13 மணி 58 நிமிடம். குறுகிய பகல் 10 மணி 19 நிமிடம். வேறுபாடு ஏறத்தாழ 9 நாழிகை. மதுரையில் அவை முறையே 12 மணி 42 நிமிடமும் 11 மணி 33 நிமிடமும் ஆகும். வேறுபாடு ஏறத்தாழ 3 நாழிகையே. நூலில் பன்னிரண்டு, தில்லியில் ஒன்பது, மதுரையில் மூன்று என்னும் இவ்வெண்களே இடத்தின் ஆட்சியைப் புலப்படுத்தும்.

தமிழ் மரபு

பகலளவு பெரிதும் மாறாத நிலத்தில் பருவத்தைப் பகலின் நீளத்தால் அறிய வேண்டிய தேவை குறைவு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுதுப் பெயர்கள் மழையையும் குளிரையும் பனியையும் வெம்மையையும் சுட்டுவன; பகலின் நீட்சியைச் சுட்டுவன அல்ல. மறுபுறம், கடகக் கோட்டிற்கு வடக்கே என்றும் காணவியலாத காட்சி ஒன்று தமிழகத்தில் உண்டு. ஆண்டிற்கு இருமுறை ஞாயிறு உச்சியில் நேர்நிற்க, நண்பகலில் நிழல் சாயாது. நெடுநல்வாடை அரண்மனைக்கு மனை வகுக்கும் செய்தியில் இருகோல் நட்டு இந்நிலையை அறிந்தமை கூறப்படுகிறது. நச்சினார்க்கினியர் இதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களோடு பொருத்துவர். தமிழர் ஞாயிற்றின் ஆண்டுச் செலவை நிழலாலும் நுண்ணிதின் அறிந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

தொல்காப்பியம் மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனப் பொழுதுகளைக் கூறினும் அவற்றிற்கு நாழிகை அளவு கூறவில்லை. எல் படும் வேளை எற்பாடு. பொழுது புலரும் வேளை விடியல். இவை ஒளியின் நிலையைக் குறித்த பெயர்கள். பத்து நாழிகை என்னும் பிற்கால வகுப்பு, பகல் ஏறத்தாழ முப்பது நாழிகையாகவே நிற்கும் தமிழ்நிலத்தில் முரணின்றிப் பொருந்தியது. அதனைக் கடிகார மணியாக்கிப் பிறநிலத்திற்கும் உரைக்கும்போதே இடர் எழுகிறது.

முடிவுரை

வேதாங்க சோதிடத்தின் விகிதத்தைத் தமிழகத்திற்கு ஏற்றுவது எவ்வளவு பொருந்தாதோ, அவ்வளவு பொருந்தாது சிறுபொழுதின் மணிக்கணக்கைத் தில்லிக்கு ஏற்றுவதும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்த இரண்டன் இயல்பு என்றே தொல்காப்பியர் வகுத்தார். நிலத்தை நீக்கிப் பொழுதை அளப்பது அவ்விலக்கணத்திற்கே மாறானது. வடபுல மாணவர்க்குச் சிறுபொழுதைக் கற்பிக்குங்கால் மணிப்பட்டியலை விடுத்து, ஞாயிற்றின் நிலை கொண்டு விளக்குதலே தக்கதாகும்.